திண்டுக்கல் காட்டிய வழி யாருக்கெல்லாம்?

திண்டுக்கல் என்றதும் பூட்டும் பிரியாணியும் நினைவுக்கு வருவது நம் வழக்கம். உலகத் தொழிலாளர் இயக்கங்களுக்கு இந்த ஊரின் பெயர் வேறொன்றை நினைவூட்டுகிறது. பணியிடத்தில் பாலினம் சார்ந்த வன்முறையையும் துன்புறுத்தலையும் ஒழிப்பதற்காக 2022 ஏப்ரலில் அறிவிக்கப்பட்ட ஒப்பந்தத்துக்கு 'திண்டுக்கல் ஒப்பந்தம்' என்றே பெயர். ஒரு தொழிற்சங்கம், ஓர் ஏற்றுமதி நிறுவனம், அதனிடம் ஆடை வாங்கும் பன்னாட்டு வணிகப் பெயர்கள் ஆகிய முத்தரப்பையும் சட்டப்படி கட்டுப்படுத்தும் இத்தகைய ஏற்பாடு ஆசியாவில் இதுவே முதல் முறை.

பெண் தொழிலாளர்களின் போராட்டத்தில் பிறந்த அந்த ஒப்பந்தத்தை, இன்று பேசப்படும் மற்றொரு கேள்வியோடு சேர்த்துப் பார்க்க விரும்புகிறேன். திருநங்கையர், திருநம்பியர், தன்பாலீர்ப்பாளர் உள்ளிட்ட பால்புதுமையருக்குப் பணியிடத்திலும் அன்றாட வாழ்விலும் பாகுபாடு கூடாது என்று நீதிமன்றங்கள் கூறி ஆண்டுகள் பல ஆகிவிட்டன. ஆயினும் வேடசந்தூர் வட்டாரத்தின் நூற்பாலைகளிலோ, திண்டுக்கல் நகரின் கடைகளிலோ, அலுவலகங்களிலோ அந்தத் தீர்ப்புகளின் தடத்தைக் காண்பது அரிது. உரிமை தாளில் இருக்கிறது; அதைக் கேட்டுப் பெறும் வழிதான் இல்லை. திண்டுக்கல் ஒப்பந்தம் உருவாக்கியது அத்தகைய ஒரு வழியைத்தான்.

ஒப்பந்தம் பிறந்த கதை

2021 ஜனவரியில், திண்டுக்கல் மாவட்டம் கைத்தியன்கோட்டையில் உள்ள நாச்சி அப்பேரல்ஸ் ஆடைத் தொழிற்சாலையில் பணியாற்றிய இளம் தலித் பெண் ஒருவர் கொலை செய்யப்பட்டார். அதே ஆலையின் மேற்பார்வையாளர் மீது குற்றம் சாட்டப்பட்டது. அவரால் அந்தப் பெண் பல மாதங்களாகத் துன்புறுத்தப்பட்டு வந்தார் என்று குடும்பத்தாரும் சக தொழிலாளர்களும் கூறினர். பெண்களின் தலைமையில் இயங்கும் தமிழ்நாடு நெசவு மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் இதைக் கையிலெடுத்தது. ஓராண்டுக்கு மேல் நீண்ட போராட்டத்தின் முடிவில், ஆலையின் தாய் நிறுவனமான ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸும் எச் அண்ட் எம் நிறுவனமும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. பின்னர் கேப், பிவிஹெச் ஆகிய நிறுவனங்களும் இணைந்தன. இதற்கிடையே 2022 ஜூலையில் அந்த ஆலையின் ஆடைகளை நாட்டுக்குள் அனுமதிக்க அமெரிக்கச் சுங்கத் துறை தடை விதித்தது; ஒப்பந்தத்தின் கீழ் எடுக்கப்பட்ட நடவடிக்கைகளை ஏற்றுச் செப்டம்பரிலேயே அதை விலக்கிக்கொண்டது.

ஒப்பந்தத்தின் உள்ளமைப்பு எளிமையானது. தொழிலாளர்களிலிருந்தே, ஏறத்தாழ 25 பேருக்கு ஒருவர் என்ற கணக்கில், கண்காணிப்பாளர்கள் பயிற்சி பெற்றுத் தளத்தில் நிற்கிறார்கள். தவறு நடந்தால் அவர்களே முதலில் பேசுகிறார்கள். அங்கே தீராதது நிர்வாகத்துக்கும் சங்கத்துக்கும் செல்கிறது. அதிலும் தீராதது, நிர்வாகத்தைச் சாராத மதிப்பீட்டாளர்களிடம் போகிறது. புகார் கொடுத்தவரைப் பழிவாங்கக் கூடாது. நிறுவனம் விதிகளை மீறினால், ஆடை வாங்கும் நிறுவனங்கள் வணிகத்தைக் குறைத்தாக வேண்டும். முதலாம் ஆண்டு அறிக்கையின்படி 180-க்கும் மேற்பட்ட புகார்கள் வந்தன. மிகச் சிலவற்றைத் தவிர அனைத்தும் தீர்க்கப்பட்டன. பெரும்பாலானவை ஒரு வாரத்துக்குள் முடிந்தன.

முன்பும் அந்த ஆலையில் சட்டம் இருந்தது. 2013-ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் நாடு முழுவதற்கும் பொருந்துவதுதான். சட்டத்துக்கும் தொழிலாளிக்கும் இடையே ஆளில்லாமல் கிடந்த இடைவெளியை நிரப்பியதே ஒப்பந்தத்தின் சாதனை. பாகுபாடு எந்தப் பெயர்களில் நிகழ்கிறதோ அவற்றைச் சொல்லியே அது தடுக்கிறது என்பதும் கவனிக்கத்தக்கது. பாலினம், சாதி, புலம்பெயர்ந்தவர் என்னும் நிலை ஆகிய மூன்றும் அதில் பெயர் சொல்லப்பட்டன. சாதி என்ற சொல்லை நிறுவன விதிகளில் எழுதவே தயங்கும் நாட்டில் இது சிறிய செய்தி அன்று.

சட்டத்தில் இருப்பதும் இல்லாததும்

பால்புதுமையரைப் பொறுத்தவரை சட்டம் எங்கே நிற்கிறது? 2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய 'நால்சா' தீர்ப்பு, தம் பாலினத்தைத் தாமே அறிவிக்கும் உரிமையைத் திருநருக்கு அளித்தது. 2018 செப்டம்பர் 6 அன்று வந்த நவ்தேஜ் சிங் ஜோஹர் தீர்ப்பு, தன்பாலீர்ப்பு உறவு குற்றமன்று என்றது. திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் 2019-இல் இயற்றப்பட்டு 2020 ஜனவரி 10 முதல் நடைமுறைக்கு வந்தது. வேலையில் சேர்ப்பது, பதவி உயர்வு அளிப்பது உள்ளிட்ட எதிலும் எந்த நிறுவனமும் திருநரிடம் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது அதன் 9-ஆம் பிரிவு. ஒவ்வொரு நிறுவனமும் புகார் அலுவலர் ஒருவரை நியமிக்க வேண்டும் என்கிறது 11-ஆம் பிரிவு. புகாரைப் பெற்ற 15 நாள்களுக்குள் அவர் விசாரிக்க வேண்டும் என்றும், சம வாய்ப்புக் கொள்கையை நிறுவனம் வெளியிட வேண்டும் என்றும் 2020-ஆம் ஆண்டின் விதிகள் கூறுகின்றன.

இவையெல்லாம் நூறு பேர் பணிபுரியும் நூற்பாலைக்கும் பொருந்தும். பத்துப் பேர் பணிபுரியும் கடைக்கும் பொருந்தும். ஆனால் தம் நிறுவனத்தின் புகார் அலுவலர் யார் என்று கேட்டால் சொல்லக்கூடிய தொழிலாளி ஒருவரை இந்த மாவட்டத்தில் நான் இதுவரை சந்தித்ததில்லை. இந்த நிலை திண்டுக்கல்லுக்கு மட்டும் உரியதன்று. பாலின அடையாளத்தின் காரணமாகப் பள்ளிப் பணியை இழந்த ஆசிரியை ஒருவரின் வழக்கில், 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இச்சட்டம் உயிரற்ற எழுத்தாகக் கிடப்பதாகக் கண்டித்தது. அவருக்கு இழப்பீடு வழங்க உத்தரவிட்டதோடு, சம வாய்ப்புக் கொள்கையை வகுக்க ஓய்வுபெற்ற நீதிபதியின் தலைமையில் ஒரு குழுவையும் அமைத்தது.

இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்றும் உண்டு. 2019-ஆம் ஆண்டுச் சட்டம் திருநருக்கு மட்டுமே உரியது. தன்பாலீர்ப்பாளர் என்று தெரிந்ததால் ஓர் ஆணையோ பெண்ணையோ தனியார் நிறுவனம் வேலையைவிட்டு நீக்கினால், அதைத் தடுக்கும் நேரடிச் சட்டம் ஏதும் இல்லை. அரசமைப்பின் 15, 16-ஆம் கூறுகள் முதன்மையாக அரசையே கட்டுப்படுத்துகின்றன. தனியார் ஆலையின் வாயிலுக்குள் அவை எளிதில் நுழைவதில்லை. 2013-ஆம் ஆண்டுச் சட்டமோ பாதிக்கப்பட்டவர் பெண்ணாக இருந்தால் மட்டுமே பொருந்தும். பெண்மை சாயல் உடையவர் என்பதற்காகச் சக ஆண்களால் நாளும் சீண்டப்படும் இளைஞர் அதன் கீழ் புகார் தர இயலாது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள ஊதியத் தொகுப்புச் சட்டம், ஊதியத்திலும் பணி அமர்த்துவதிலும் பாலினப் பாகுபாட்டைத் தடுக்கிறது; பாலீர்ப்பு பற்றி அதிலும் ஒரு சொல் இல்லை.

இரண்டே பாலினங்களுக்குக் கட்டிய ஆலை

அதிகாலையில் திண்டுக்கல்லிலிருந்து கரூர் சாலையிலும் பழனி சாலையிலும் செல்பவர்கள், ஊர் ஊராக நின்று ஆள் ஏற்றும் ஆலைப் பேருந்துகளைக் கண்டிருப்பார்கள். இம்மாவட்டத்தின் சமவெளிக் கிராமங்களுக்கு, மழை பொய்த்த ஆண்டுகளில் சோறு போட்டவை இந்த ஆலைகளே, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் அவற்றின் அமைப்பைக் கூர்ந்து பார்த்தால், ஆண், பெண் என்ற இரண்டு கூறுகளில் அடங்காதவருக்கு அங்கே இடமே ஒதுக்கப்படவில்லை என்பது புலனாகும். சுவரொட்டியில் இத்தனை வயதுப் பெண்கள் தேவை என்று இருக்கும். விடுதி பெண்களுக்கு, ஆண்களுக்கு வேறு தங்குமிடம். கழிப்பறை இரண்டு. சீருடை இரண்டு. திருநங்கை ஒருவர் வாயிலில் வந்து நின்றால், அவரை வெறுக்காத மேலாளரும்கூட, எந்த விடுதியில் தங்க வைப்பது என்ற ஒரு கேள்வியிலேயே திருப்பி அனுப்பிவிட முடியும்.

இதற்கும் ஆழத்தில் மற்றொன்று இருக்கிறது. இந்த வட்டாரத்தின் நூற்பாலைகளில் பல ஆண்டுகள் செல்வாக்குடன் விளங்கிய 'சுமங்கலித் திட்டம்' நினைவிருக்கலாம். மூன்றாண்டுகள் விடுதியில் தங்கி வேலை செய்தால், முடிவில் திருமணச் செலவுக்கென ஒரு தொகை தரப்படும் என்பது அதன் சாரம். ஊதியத்தில் ஒரு பகுதியை நிறுத்திவைப்பது, வெளியே செல்லத் தடை, கைப்பேசிக்குக் கட்டுப்பாடு ஆகியவற்றுக்காக அத்திட்டம் கண்டனத்துக்கு உள்ளானது. அந்தப் பெயரை இன்று யாரும் வெளிப்படையாகப் பயன்படுத்துவதில்லை. ஆனாலும் அதன் அடிப்படைக் கருத்து அழிந்துவிடவில்லை: ஆலைக்கு வரும் இளம்பெண் ஒரு தொழிலாளி என்பதைக் காட்டிலும், திருமணத்துக்குக் காத்திருக்கும் மகள்.

ஆணைத் திருமணம் செய்துகொள்ள விரும்பாத ஒரு பெண்ணை இந்தச் சூழலில் எண்ணிப் பாருங்கள். பிறருக்கு வேலை என்பது வீட்டின் பிடியிலிருந்து விலகி நிற்கும் வாய்ப்பு. அவருக்கோ வேலையே மணமேடைக்குச் செல்லும் பாதையாக அமைகிறது. விடுதியில் இருவர் நெருங்கிப் பழகினால் காப்பாளர் பெற்றோருக்குத் தகவல் சொல்லிவிடலாம் என்ற அச்சம் வேறு. நம் அண்டை நகரான மதுரையைச் சேர்ந்த இரண்டு இளம்பெண்கள், தம் உறவைக் குடும்பத்தார் எதிர்த்ததால் சென்னைக்குச் சென்று உயர் நீதிமன்றத்தை நாடியது 2021-இல். தஞ்சம் அளித்தவர்களின் துணையோடு அவர்கள் கேட்டது பாதுகாப்பு மட்டுமே. அவர்கள் முதலில் தேட வேண்டியிருந்தது ஒரு வேலை. சொந்தச் சம்பாத்தியம் இல்லாதவருக்கு எந்தத் தீர்ப்பும் கூரையாகாது.

வாயிலுக்கு வெளியே

பணியிடத்தையும் அன்றாட வாழ்வையும் தனித்தனியே பார்ப்பது பயனற்றது என்பதற்குக் கொச்சி மெட்ரோ சான்று. 2017-இல் அந்நிறுவனம் 23 திருநரைப் பணியில் சேர்த்து நாட்டின் பாராட்டைப் பெற்றது. சில நாள்களிலேயே எட்டுப் பேர் வேலையை விட்டனர். காரணம் வேலை அன்று. நகரில் அவர்களுக்கு வாடகைக்கு வீடு கொடுக்க யாரும் முன்வரவில்லை. நாள் வாடகை விடுதிக்குக் கொடுக்கும் தொகை, வாங்கும் சம்பளத்தை விழுங்கியது. திண்டுக்கல்லிலும் வீடு தேடும்போது சாதி, உணவு, திருமணம் ஆகியவை பற்றிய கேள்விகளைச் சந்திக்காதவர் குறைவு. அந்தக் கேள்விகளுக்கு 'ஏற்ற' விடை இல்லாதவர் பேருந்து நிலையத்தைத் தாண்டி எங்கும் செல்ல முடியாது.

ஆவணம் மற்றொரு சுவர். சார் ஆய்வாளர் பணிக்கு விண்ணப்பித்த பிரித்திகா யாஷினியின் விண்ணப்பம், சான்றிதழில் உள்ள பெயரும் அவர் பெயரும் ஒத்துப்போகவில்லை என்பதால் நிராகரிக்கப்பட்டது. 2015 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்த பின்னரே, 2017-இல் அவர் இந்தியாவின் முதல் திருநங்கைச் சார் ஆய்வாளராகப் பணியில் சேர்ந்தார். தமிழகத்தைச் சேர்ந்த பொறியியல் பட்டதாரியான ஷானவி பொன்னுசாமி, விமானப் பணிப்பெண் வேலைக்கு விண்ணப்பிக்கத் தமக்குரிய பிரிவே இல்லை என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சென்றார். திருநரின் வேலைவாய்ப்புக்குக் கொள்கை வகுக்குமாறு மத்திய அரசை நீதிமன்றம் அறிவுறுத்தியபோது 2022 ஆகிவிட்டது. வேலை தேடும் வயதில் ஐந்தாண்டுகள் என்பது சிறிய காலம் அன்று. வழக்காடித்தான் ஒவ்வொருவரும் வேலை பெற வேண்டும் என்றால், அதை உரிமை என்று எப்படி அழைப்பது?

தமிழக அரசின் பங்கை மறைத்துப் பேசுவது முறையாகாது. நாட்டிலேயே முதன்முதலாகத் திருநங்கையர் நலவாரியம் அமைத்தது தமிழகம், அது 2008-இல். நகரப் பேருந்துகளில் கட்டணமில்லாப் பயணம் அவர்களுக்கும் உண்டு. பால்புதுமையரைக் காவலர் துன்புறுத்துவதைத் தடுக்கும் விதி 2022-இல் காவலர் நடத்தை விதிகளில் சேர்க்கப்பட்டது. திருநருக்கான மாநிலக் கொள்கை 2025 ஜூலையில் வெளியானது. ஆயினும் இவற்றில் பெரும்பாலானவை அரசுக்கும் குடிமக்களுக்கும் இடையிலான ஏற்பாடுகள். முதலாளிக்கும் தொழிலாளிக்கும் இடையே, வீட்டு உரிமையாளருக்கும் வாடகைதாரருக்கும் இடையே நலத்திட்டம் நுழைவதில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழகத்தில் ஆண், பெண் அல்லாத 'பிற' பிரிவில் பதிவானவர்கள் 22,364 பேர். வெளியே சொல்லத் துணிந்தவர்களின் கணக்கு மட்டுமே இது. சொல்லாதவர்கள் நம் அருகிலேயே நூல் பிரிக்கிறார்கள், கணக்கு எழுதுகிறார்கள், பாடம் நடத்துகிறார்கள்.

புகார் என்பதே ஆபத்தாகும்போது

பெண் தொழிலாளியின் நிலைக்கும் பால்புதுமையரின் நிலைக்கும் ஒரு வேறுபாடு உண்டு. அதைக் கருதாமல் திண்டுக்கல் ஒப்பந்தத்தை அப்படியே நகலெடுத்தால் பயன் இராது. துன்புறுத்தப்பட்ட பெண் புகார் தரும்போது, தான் பெண் என்பதைப் புதிதாக அறிவிக்க வேண்டியதில்லை. தன்பாலீர்ப்பாளர் புகார் தந்தால், அந்தப் புகாரே அவரை ஊருக்கு அறிவித்துவிடும். ஆலையில் சொன்னது மாலைக்குள் கிராமத்துக்குப் போய்ச் சேரும்; ஒரே பேருந்தில் வருபவர்கள்தாமே எல்லாரும். எனவே இரகசியம் காப்பது இங்கே நாகரிகம் மட்டும் அன்று, உயிர்ப் பாதுகாப்பு. நிர்வாகத்தின் மனிதவள அலுவலரையே புகார் அலுவலராக நியமித்துச் சட்டத்தை நிறைவேற்றிவிட்டதாகக் கணக்குக் காட்டுவது, புகாரே வராமல் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடாகத்தான் முடியும். ஆலைக்கு வெளியே உள்ள, நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் சொல்லும் வழி வேண்டும்.

இரண்டாவது வேறுபாடு எண்ணிக்கை. பெண்கள் ஆலையில் பெரும்பான்மையினர்; சங்கமாகத் திரள முடிந்தது. பால்புதுமையர் சிதறிக் கிடப்பவர்கள். அவர்களுக்காக மற்றவர்களும் பேசினாலன்றி இது நடக்காது. சாதியையும் புலம்பெயர்ந்தோர் நிலையையும் தம் கோரிக்கையோடு சேர்த்துக்கொண்ட தொழிற்சங்கப் பெண்கள் இதற்கு முன்னோடிகள். ஒடிசாவிலிருந்தும் பிகாரிலிருந்தும் வந்தவர்களுக்கு உரிய மதிப்பைக் கேட்கும் சங்கம், தம் ஊரின் திருநம்பிக்கும் அதையே கேட்பது இயல்பான அடுத்த படி.

எதிர்வாதங்களும் விடைகளும்

இவையெல்லாம் மேலை நாட்டுச் சரக்கு என்பது வழக்கமான மறுப்பு. கூவாகம் திருவிழாவுக்கு ஆண்டுதோறும் திருநங்கையர் திரள்வதை அறிந்த தமிழருக்கு இதற்கு விடை சொல்ல வேண்டியதில்லை. கவனிக்க வேண்டிய மறுப்பு வேறு: நூல் விலையும் பஞ்சு விலையும் ஆலைகளை நெருக்கும் காலத்தில் கூடுதல் சுமையா என்பது. சுமை எவ்வளவு என்று பார்ப்போம். ஒரு புகார் அலுவலர், ஒரு பக்கக் கொள்கை, கதவும் தாழ்ப்பாளும் உள்ள ஒரு தனிக் கழிப்பறை, மேற்பார்வையாளர்களுக்குச் சில நாள் பயிற்சி. ஆள் பற்றாக்குறையால் வட மாநிலங்கள்வரை சென்று ஆள் திரட்டும் தொழில், உள்ளூரில் வேலை கேட்டு நிற்பவரைத் திருப்பி அனுப்புவதுதான் உண்மையான நட்டம்.

மூன்றாவது வாதம் சற்று வலுவானது. திண்டுக்கல் ஒப்பந்தம் வெற்றி பெற்றதற்குக் காரணம் வெளிநாட்டு நிறுவனங்களின் அழுத்தம். உள்நாட்டுச் சந்தைக்கு நூல் நூற்கும் ஆலைக்கு அத்தகைய அழுத்தம் ஏது? உண்மை. அந்த ஒப்பந்தம் ஒரு நிறுவனத்தின் சில ஆலைகளை மட்டுமே தொடுகிறது. ஆனால் உள்நாட்டுச் சந்தையிலும் ஒரு பெரிய வாடிக்கையாளர் இருக்கிறார்: அரசு. பொங்கல் வேட்டி சேலைத் திட்டத்துக்கும் பள்ளிச் சீருடைக்கும் ஆண்டுதோறும் நூலையும் துணியையும் கொள்முதல் செய்வது தமிழக அரசே. புகார் அலுவலர், சம வாய்ப்புக் கொள்கை ஆகியவை இருப்பதற்கான சான்றை ஒப்பந்தப்புள்ளியின் நிபந்தனையாக்கினால், வெளிநாட்டு நிறுவனங்கள் செலுத்திய அழுத்தத்தை நம் அரசே செலுத்த முடியும். இதற்குப் புதிய சட்டம் வேண்டியதில்லை. இருக்கும் சட்டத்தை மதிப்பவரிடம் மட்டுமே வாங்குவோம் என்ற முடிவு போதும்.

செய்யத்தக்கவை

முதலாவதாக, தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் ஆய்வுப் படிவத்தில் 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு இடம்பெற வேண்டும். இயந்திரப் பாதுகாப்பைச் சோதிக்கும் ஆய்வாளர், புகார் அலுவலரின் பெயர்ப் பலகை இருக்கிறதா என்றும் கேட்கட்டும். இரண்டாவதாக, மாவட்ட நிர்வாகம் ஆலைகளுக்குப் பொதுவான, நிர்வாகங்களைச் சாராத புகார்க் குழு ஒன்றை அமைக்கலாம்; அதில் தொழிற்சங்கத்தினரும் திருநர் பிரதிநிதிகளும் இடம்பெற வேண்டும். பெயரை வெளியிடாமல் புகார் தர அங்கே வழி இருக்க வேண்டும். மூன்றாவதாக, பாலின அடையாளம், பாலீர்ப்பு என்ற இரண்டு சொற்களும் நிறுவன விதிகளில் வெளிப்படையாக எழுதப்பட வேண்டும். பெயர் சொல்லப்படாத பாகுபாடு எந்த விசாரணையிலும் நிற்பதில்லை.

நான்காவது, பயிற்சி. மதுரைப் பெண்களின் வழக்கை விசாரித்த நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ், தீர்ப்பு எழுதும் முன் இது பற்றித் தமக்குப் போதிய புரிதல் இல்லை என்று கூறி, உளவியல் வல்லுநர் ஒருவரிடம் அமர்ந்து கற்றுக்கொண்டார். பாலீர்ப்பை 'மாற்றும்' சிகிச்சைக்குத் தடை விதித்த 2021 ஜூன் உத்தரவு அதன் பின்னரே பிறந்தது. உயர் நீதிமன்ற நீதிபதிக்கு இல்லாத தயக்கம் ஆலை மேலாளருக்கு எதற்கு? கிராம மக்களுக்காக 1947 முதல் உழைத்துவரும் காந்திகிராமமும், அதன் கிராமியப் பல்கலைக்கழகமும் நம் அருகிலேயே இருக்கின்றன. மேற்பார்வையாளர்களுக்கும் விடுதிக் காப்பாளர்களுக்கும் தமிழில் ஒரு பாடத்திட்டம் வகுக்க அதைவிடப் பொருத்தமான இடம் இம்மாவட்டத்தில் இல்லை.

கடைசியாக, நாம். வாடகைக்கு வீடு வைத்திருப்பவர், கடை நடத்துபவர், அலுவலகத்தில் பக்கத்து இருக்கையில் அமர்ந்திருப்பவர் என நம்மில் ஒவ்வொருவரும் ஏதோ ஒரு வாயிலைத் திறக்கவோ அடைக்கவோ வல்லவர்கள். சட்டம் எட்டாத இடங்களில் நம் சொல் எட்டுகிறது. சீண்டலைக் கேட்டு மற்றவர்களோடு சேர்ந்து சிரிக்காமல் இருப்பதும் ஒரு தொடக்கமே.

ஓர் இளம்பெண்ணின் உயிரைப் பறிகொடுத்த பின்னரே இந்த மாவட்டம் உலகுக்கு ஒரு முன்மாதிரியைத் தந்தது. அடுத்த முன்மாதிரிக்கும் ஓர் உயிரை விலையாகக் கேட்க வேண்டாம். வழி தெரிந்துவிட்டது, கருவிகளும் கைவசம் உள்ளன. அவற்றை யாருக்கெல்லாம் பயன்படுத்தப் போகிறோம் என்பதை இப்போதே முடிவு செய்வது நல்லது.